டிஸ்க்கில் சம்மட்டி பட வேண்டாம், அண்ணா

சட்பரி, ஒன்டாரியோ
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உள்ளே பாப்பா வரைந்து வைத்திருந்த லாரிப் படமும் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தது. முன்வண்டிக்கு 10, ட்ரெய்லருக்கு 12 என்று 22 சக்கரத்தையும் விடாமல் போட்டிருக்கிறாள். நம்ம வீட்டுப் பிள்ளை வேறு எப்படி வரைவாள்! என் அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு நான் ஒழுங்காக எழுதவில்லை என்று அம்மா வருத்தப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரே டயர் மாற்ற எங்கள் டயர் கடையில் வந்து நிற்கும். அதில் நேரம் போய்விடுகிறது. கூடுதல் நேர வேலை கேட்டால் முதலாளி தருகிறார், நானும் கேட்டு வாங்கிக் கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்து என்ன செய்வது?

குளிர் பற்றி அப்பா கேட்டிருந்தார். ஜனவரியில் மைனஸ் 25, 30 வரைக்கும் போனது. இப்போது ஏப்ரல் முடிகிறது, ஆனாலும் ராம்சே ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுசாகக் கரையவில்லை. கரைந்ததும் கறுப்பு ஈ கிளம்பிவிடும் என்கிறார்கள். மே நடுவிலிருந்து ஜூன் வரைக்கும் காதோரமும் கழுத்தோரமும் கடித்து ரத்தம் எடுக்குமாம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ராத்திரி பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தான். ஒரே குக்கரில் முடிகிறது, மறுநாள் மதியத்துக்கும் ஆகிறது. கருவேப்பிலை மட்டும் டொரன்டோவிலிருந்து யாராவது வந்தால் சொல்லி விடுவேன். 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர், அடிக்கடி போக முடியாது. அம்மா போட்டுக் கொடுத்த மிளகாய்ப்பொடி தீரப்போகிறது.

சரி, ட்ரெய்லர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ட்யூப் டயரையெல்லாம் கழித்துவிட்டு, ட்ரெய்லரின் 12 சக்கரத்துக்கும் புது டிஸ்க்கோடு, அதாவது டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரத்தோடு, ட்யூப்லெஸ் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல முடிவு. வழியில் பஞ்சர் ஆனாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், சூடும் குறையும். மாட்டுவது பட்டறை மாமா கையால் என்று படித்ததும்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுத உட்கார்ந்தேன். மாமாவின் கைராசியைக் குறைத்துச் சொல்லவில்லை. ட்யூப் டயருக்கு வளையம் பூட்டி இறுக்குகிற லாக் ரிங் டிஸ்க்கை அவர் மாதிரி மாட்ட நம்ம பக்கத்தில் ஆளில்லை. ஆனால் அந்த டிஸ்க்கின் விளிம்பில் சம்மட்டி அடி விழுந்தாலும் அதனால் காற்று இறங்காது, காற்று ட்யூபுக்குள் இருந்தது. ட்யூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே டிஸ்க்கின் விளிம்புதான். அங்கே ஒரு வெட்டு, ஒரு நெளிவு விழுந்தால் போதும், புது டயராக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றுக் குறைந்த டயர் சூடாகி நெடுஞ்சாலையில் வெடிக்கும். டயரைக் குற்றம் சொல்லி மறுபடி டயர் வாங்குவார்கள். குற்றம் மாட்டின அன்றைக்கே டிஸ்க்கில் விழுந்திருக்கும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், குளிரிலும் அரைக்கால் சட்டையோடு பனி தள்ளுவாரே, அவர்தான். அவரிடம் ஒரு கேம்பர் ட்ரெய்லர் இருக்கிறது. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே வைத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீடு. மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறை வந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் அதை இழுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் டயர் மாற்ற எங்கள் கடையில் வரிசை நிற்கும்.

மற்றவர்கள் ட்ரெய்லரையே ஓட்டி வருவார்கள். இவர் வண்டியை வீட்டிலேயே ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, சக்கரத்தை மட்டும் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வருகிறார். முன்னால் வேறு ஏதோ ஒரு கடையில் அச்சின் நடுப்பகுதிக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக் குழாயை வளைத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு வண்டியை யாரையும் தூக்க விடுவதில்லை. சட்டகத்தில் எங்கே ஜாக்கி வைக்க வேண்டும் என்று சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறார். கடைக்கு வந்ததும் போர்வையைப் பிரித்து, அலுமினிய டிஸ்க்கின் முகத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கீறலையும் என்னிடம் காட்டிவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கடைப் பையன்கள் எரிச்சல்படுவார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். தன் பொருள் மேல் அவருக்கு இருக்கும் அக்கறை நம்ம அப்பாவுக்கு வண்டி மேல் இருக்கும் அதே அக்கறைதான்.

அவருக்குச் செய்யும் வேலையைத்தான் நம்ம ட்ரெய்லருக்கும் செய்யச் சொல்கிறேன். டிஸ்க்கின் முகம் சிமென்ட் தரையில் படக்கூடாது, ரப்பர் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். டிஸ்க்கின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் எந்த விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த விளிம்பு மேலே இருக்க வேண்டும், டயரை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தப் பக்கமாகத்தான். டயர் வாயின், அதாவது டிஸ்க்கில் உட்காருகிற டயரின் உள்வட்டத்தின், ஒரு பக்கம் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தால்தான் எதிர்ப்பக்கம் விளிம்பைத் தாண்டி வரும். தலைகீழாகப் போட்டுவிட்டு, ஏறவில்லை என்று லிவரை வைத்து நெம்பினால் டயர் வாயும் கிழியும், விளிம்பிலும் பல் விழும். நான் பார்த்த டிஸ்க் சேதத்தில் பாதிக்கு மேல் இதனால்தான்.

ஏற்றுவதற்கு முன்னால் விளிம்பில் உள்ள துரு, பழைய ரப்பர் துணுக்கு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். புது டிஸ்க்காக இருந்தாலும் கையால் தடவிப் பாருங்கள், பெயின்ட் திரண்டிருக்கும். டயர் வாயிலும் விளிம்பிலும் சோப்புப் பசையைத் தாராளமாகத் தடவச் சொல்லுங்கள். கிரீஸும் ஆயிலும் வேண்டவே வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். பசை போட்டால் லிவருக்கு வேலை குறையும், லிவருக்கு வேலை குறைந்தால் டிஸ்க் பிழைக்கும். தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தலை வைத்த சுத்தியல். பெரியவருடைய அலுமினிய டிஸ்க்குக்கு மெஷினின் பிடியிலும் தலையிலும் பிளாஸ்டிக் உறை மாட்டித்தான் நான் தொடுவேன். பிடிக்கும் பல் வெறும் இரும்பாக இருந்தால் நான்கு இடத்தில் கடித்த தடம் நிற்கும். சக்கரம் ஆடாமல் ஓட எடை வைப்பதும் உள்பக்கம் ஒட்டுகிற வகைதான், விளிம்பில் அடித்து மாட்டுகிற ஈயம் கிடையாது.

காற்று பிடிக்கும்போது மட்டும் மாமாவின் அவசரத்துக்கு விடாதீர்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயில் கிளிப் மாட்டி, தள்ளி நின்று பிடிக்க வேண்டும். டயர் உட்காரவில்லை என்று பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து உட்கார வைக்கிற வீடியோவை நம்ம பையன்கள் பார்த்திருப்பார்கள். அந்த விளையாட்டு நம் வாசலில் வேண்டாம். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு, மறுபடி பசை தடவி, முதலிலிருந்து தொடங்கட்டும்.

அப்புறம் நட்டு. இது இந்த மாகாணத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1990களின் நடுவில் லாரிச் சக்கரம் கழன்று ஓடி, எதிரே வந்த காரில் இருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். 1997ல் சட்டமே கொண்டுவந்தார்கள். லாரியிலிருந்து சக்கரம் கழன்றால் 50,000 டாலர் வரைக்கும் அபராதம், கவனமாகத்தான் இருந்தேன் என்று சொன்னாலும் எடுபடாது. லாரிச் சக்கரம் மாட்டுகிறவனுக்கே தனியாகச் சான்று வேண்டும், நானும் படித்து வாங்கினேன். அதில் முதலில் சொல்லிக் கொடுத்தது, டிஸ்க் உட்காருகிற முகத்தில் பெயின்ட் தடிமனாக இருக்கக் கூடாது என்பது. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கும், நட்டு தானாகத் தளரும். தளர்ந்த நட்டு டிஸ்க்கின் ஓட்டையை முட்டை வடிவத்துக்குத் தேய்த்துவிடும், அந்த டிஸ்க் அப்புறம் பழைய இரும்புக்குத்தான். புது டிஸ்க்குக்குப் பளபளப்பாக இன்னொரு கோட் அடிக்கலாம் என்று கிளீனர் பையன் சொன்னால் தடுத்துவிடுங்கள்.

ஏர் கன்னால் கடைசி வரைக்கும் முறுக்கக் கூடாது, போல்ட் இழுபடும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மெல்லப் பிடித்துவிட்டு, கடைசி முறுக்கு, முறுக்கின் அளவைக் காட்டுகிற டார்க் ரென்ச்சில். பெரியவரின் கேம்பருக்கு அரை அங்குல போல்ட், 90 முதல் 120 அடி-பவுண்டு. முதல் சுற்று 20, 25, இரண்டாவது சுற்று 50, 60, அப்புறம்தான் முழுசு. அவர் வீட்டில் தானே மாட்டிக்கொண்டு 16, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி பார்ப்பார். நம்ம ட்ரெய்லருக்கு அளவு ரொம்பப் பெரியது, வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதையே வையுங்கள். முதல் லோடு ஏற்றிப் போகும்போது 80லிருந்து 160 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்தி எல்லா நட்டையும் பார்க்க வேண்டும். சங்ககிரியில் கிளம்பினால் கிருஷ்ணகிரி போவதற்குள் ஒரு டீக்கடை நிறுத்தம் எப்படியும் வரும்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். அதில் முதல் இரண்டு எண் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 12 டயரும் ஒரே வருஷத்தில் வந்ததாக இருக்கட்டும், விலை குறைத்துத் தருகிறேன் என்று பழசைக் கலந்து தள்ளினால் வாங்காதீர்கள். டிஸ்க்கிலும் எடையும் காற்று அளவும் பொறித்திருக்கும். டயர் தாங்குகிற காற்றை டிஸ்க்கும் தாங்குமா என்று பார்த்துவிட்டே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. என் பங்கில் பாதியை இந்த வாரம் அனுப்புகிறேன், மீதி ஜூன் கடைசியில். அப்பாவிடம் இதைப் பெரிசாகச் சொல்ல வேண்டாம். ஃபைனான்ஸ்காரரிடம் வட்டி ஏறாமல் ஒரு மாதம் தள்ளிக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டேன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் ஏதாவது செய்கிறேன்.

வைகாசியில் சின்னவள் பிள்ளைக்குக் காது குத்து வைத்திருப்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். முதல் வரியில் எழுதினால் நான் மீதியைப் படிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களோ என்னமோ. அண்ணா, அந்தப் பிள்ளை அவள் வயிற்றில் இருக்கும்போதே காது குத்தும்போது என் மடிதான் என்று சொல்லி வைத்தேன். அவளும் சரி என்றாள். பிள்ளை என்னைப் போனில்தான் பார்த்திருக்கிறான், மாமா என்று சொல்லக் கற்றுக்கொண்டதும் போனில்தான். இந்த வருஷம் என்னால் வர முடியாது. நீங்கள் மூத்தவர், நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்து முடிந்ததும், அழுகிற பிள்ளைக்கு வாயில் சர்க்கரை போட்டுச் சமாதானம் செய்வார்களே, அதை என் பேரைச் சொல்லிப் போடுங்கள். சின்னவளிடம் நான் வரவில்லை என்பதை நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமன் சீருக்கு என் பேரில் தோடு எடுத்துவிடுங்கள், அதற்கான பணம் தனியாக வரும், டயர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, சித்தப்பா வண்டித்தடத்தில் கல் ஊன்றப் போவதாகச் சொன்ன விஷயம். இதை விட்டுவைக்காதீர்கள். இப்போது இருக்கிற தடத்திலேயே ட்ரெய்லர் வளைந்து வெளியே வரச் சிரமப்படும். இன்னும் இரண்டு அடி குறைந்தால் பின்சக்கரம் கல்லில் உரசும், புது டிஸ்க்கின் விளிம்பு அங்கேயே போய்விடும். சண்டைக்குப் போக வேண்டாம். அப்பாவை முன்னால் அனுப்புங்கள், அப்பா நேரில் போய் உட்கார்ந்தால் சித்தப்பா எழுந்து நின்று பேசுகிறவர். தாலுகா ஆபீஸில் சர்வேக்கு மனு கொடுத்து, சித்தப்பாவையும் நிற்க வைத்து அளந்துவிடுவோம். பழைய பாகப்பத்திரம் அம்மாவின் இரும்புப் பெட்டியில் அடியில் இருக்கிறது. அதில் தடம் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு இன்றைக்கே அனுப்புங்கள். சர்வேயர் தேதி கொடுத்ததும் போன் பண்ணுங்கள், அங்கே காலை 8 மணி என்றால் இங்கே முந்தின நாள் ராத்திரிதான், விழித்திருப்பேன்.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி