யார் பதில் எழுதுகிறார்கள்?

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். உன் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், நான் விசாரித்ததாகச் சொல். இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவதை மொத்தமாக நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது வேறொன்றைக் கொட்டியாக வேண்டும்.

என் புது ஆய்வைப் பற்றி மீசை உன்னிடம் உளறியிருப்பான். ஏஐ வந்த பிறகு மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் எழுதும் விதம் எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. சாவு, விவாகரத்து, வேலை போனது, எதுவானாலும் சரி. இணையத்தில் கேள்வித்தாள் போட்டோம், பதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு தொகை. கடைசியாக யாருக்கு ஆறுதல் எழுதினீர்கள், என்ன எழுதினீர்கள், எந்த இடத்தில் கை தயங்கியது?

பதில்கள் மளமளவென்று வந்து குவிந்தன. படிக்க உட்கார்ந்தால், எல்லாமே மூன்று பத்தி. முதலில் துயரம், அடுத்து இனிய நினைவுகள், கடைசியில் நம்பிக்கை. ஒருவருக்கும் எங்கேயும் கை தயங்கவில்லை. செத்தவர்மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை. ஒரு மகராசன் "நிச்சயமாக! இதோ உங்கள் கேள்விக்கான பதில்" என்ற வரியைக்கூட அழிக்காமல் அனுப்பியிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு பதில்: "என்ன எழுதறதுன்னே தெரியல. போன் பண்ணேன். அவளும் பேசல நானும் பேசல. வெச்சிட்டேன்." அவ்வளவுதான். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்து, மொத்த ஆய்வுக்கும் உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

இது எனக்கு மட்டும் வந்த தலைவிதி இல்லை. 2023-லேயே சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இணையத்தில் கூலிக்குச் சில்லறை வேலை செய்பவர்களிடம் மருத்துவக் கட்டுரைகளின் சாரத்தைச் சுருக்கித் தரச் சொன்னார்கள். விசைகளைத் தட்டிய தடயத்தையும் வைத்துப் பார்த்ததில், 33 முதல் 46 சதவீதம் பேர் வேலையை ஏஐ-யிடம் தள்ளிவிட்டதாகக் கணித்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பதிலுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர், முகம் தெரியாத எனக்காகத் தன் அம்மாவின் சாவை ஏன் மறுபடி தோண்ட வேண்டும்?

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "அடியே, ஆறுதலை மெஷின் எழுதுகிறதா என்றுதானே கேட்டாய்? எழுதுகிறது என்று பதில் வந்துவிட்டதே!" என்பாய். ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வார்த்தை கிடைக்காமல் அதனிடம் போனவர் யார், காசுக்காகச் சீக்கிரம் முடித்தவர் யார் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. என் ஆய்வே அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். உனக்குப் பிடித்த கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாமை நினைத்துக்கொண்டேன். மனிதரைப் போல உரையாடும் எலைசா என்ற தன் கணினி நிரலைப் பற்றி 1966-இல் எழுதியவருக்கு, தன் செயலாளரே அதனுடன் பேச உட்கார்ந்து "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று சொன்னதைப் பார்க்கக் கிடைத்தது. மனுஷி ஒரு பக்கம், இயந்திரம் ஒரு பக்கம், இவர் நடுவில். கொடுத்து வைத்தவர்.

சரி, எங்கள் துறைப் பெரியவரின் யோசனைகளைக் கேள். முதல் யோசனை: ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவியில் எல்லாவற்றையும் போட்டு வடிகட்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிட்டன. சின்ன வாக்கியம், தெரிந்த சொல் என்றால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறதாம். அலங்காரமாக எழுதத் தெரியாத மனிதர்களைத்தான் நான் முதலில் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

இரண்டாவது யோசனையைக் கேட்டால் நீ நாற்காலியிலிருந்து விழுவாய். ஆளே வேண்டாமாம். "ஐம்பது வயதுப் பெண், கணவனை இழந்தவள்" என்று ஏஐ மாதிரியிடம், அதாவது அந்த மெஷினிடம், சொல்லிவிட்டு அதையே பதில் சொல்ல வைக்கலாமாம்! அவர் ஒன்றும் கற்பனையில் பேசவில்லை. அமெரிக்கத் தேர்தல் கருத்தாய்வில் பங்கேற்றவர்களின் வயது, இனம், கட்சி விவரங்களைக் கொடுத்து மாதிரியை அவர்களைப் போல் பதிலளிக்க வைத்த கட்டுரை 2023-இல் ஒரு நல்ல அரசியல் ஆய்விதழில் வந்தது. பல இடங்களில் உண்மையான பதில்களோடு ஒத்தும் போனது. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று கேட்க அது உதவலாம். போனை எடுத்துப் பேசாமல் வைத்த பெண்ணை எந்த விவரத்தைக் கொடுத்து வரவழைப்பது?

எனக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான், கலா. 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வைப் படித்திருப்பாய். மாதிரி எழுதியதையே அடுத்த மாதிரிக்குத் திரும்பத் திரும்பப் படிப்பித்தால் அரிதானவைதான் முதலில் காணாமல் போகின்றன. இடைக்காலக் கட்டடக்கலையில் தொடங்கிய எழுத்து, ஒன்பதாம் தலைமுறையில் விதவிதமான நிறத்தில் வால் வைத்த முயல்களின் பட்டியலாகிவிட்டது. முயல் வேடிக்கைதான். ஆனால் என் மூன்று பத்தி ஆறுதல்கள் கட்டுரையாகி, அந்தக் கட்டுரை அடுத்த மாதிரியின் வயிற்றுக்குள் போய், "மனிதர்கள் இப்படித்தான் துக்கப்படுவார்கள்" என்று அது இன்னொருவருக்குச் சொல்லித் தந்தால்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் இந்தியர்களும் அமெரிக்கர்களும் தங்கள் பண்பாட்டைப் பற்றி எழுதினார்கள். ஏஐ பரிந்துரைகள் வந்ததும் இந்தியர்களின் எழுத்து அமெரிக்கச் சாயலுக்கு நகர்ந்தது. பிடித்த பண்டிகை என்றால் கிறிஸ்துமஸை நீட்டியதாம். பண்டிகைக்கே இந்தக் கதி என்றால் ஒப்பாரிக்கு என்ன கதி?

புலம்பல் போதும், வேலைக்கு வருகிறேன். மிச்சமிருக்கும் நிதியில் ஆட்களை நேரில் உட்கார வைத்துக் கேட்கலாம் என்று பெரியவரிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். எண்ணிக்கை மிகவும் குறையும், எந்த இதழ் ஏற்கும் என்பதும் தெரியாது. எனக்கு நீ வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு எதிரே இருப்பவர் தானாக வாய் திறக்கும்வரை கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்க உன்னால்தான் முடியும். நான் பொறுக்காமல் நடுவில் புகுந்து அவர்களுக்காக வாக்கியத்தை முடித்துவிடுவேன், உனக்குத் தெரியாததா.

கல்லூரியில் விடுப்பு கேட்டுப் பார்.

உன்,
வசந்தி