மலையின் கணக்கு

குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பெயர்த்தி கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். சுற்றுலா வாகனங்கள் மலைக்கு வருமுன் இணையத்தில் அனுமதிச் சீட்டு பெறவேண்டிய இ-பாஸ் முறையால் நீலகிரிக்கு நன்மை உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோரை அந்த வரம்பு தடுக்காது என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் வாகன எண்ணிக்கையைக் கொண்டு சாலையின் நெரிசலை அறியலாமே தவிர, மலையின் தாங்குதிறனை அறிய முடியாது. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் காரும், நான்கு நாள் விடுதியில் தங்கும் குடும்பத்தின் காரும் சோதனைச் சாவடியில் ஒன்றுதான். தண்ணீரிலும் குப்பையிலும் அவை ஒன்றாக மாட்டா. அதிலும், மழைக்கு முன் நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடக்கும் மே மாதத்தில்தான் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் திரள்கிறது. ஆண்டுச் சராசரியை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு மாதத்தை மறைத்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

பிலிப்பைன்சில் போராகாய் தீவின் கடலில் கழிவுநீர் கலந்து சீரழிந்தபோது, 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே மூடினார்கள். மறுபடி திறக்கையில், ஒரே சமயத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகள், நாளொன்றுக்குப் புதிதாக 6,405 பேர் என்று வரையறுத்தார்கள். இரண்டாவது எண்ணை மூன்றால் பெருக்கினால் முதல் எண் வரும். அதாவது, ஒருவர் சராசரியாக மூன்று நாள் தங்குவார் என்று கொண்டு, தங்கும் நாள்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். விதிகளுக்கு இணங்கிய விடுதிகளை மட்டுமே திறக்கவும் விட்டார்கள். நமக்கும் இத்தகைய கணக்குதான் தேவை.

உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றம் வகுத்த அளவுகோல்கள், உள்ளூர் மக்களின் மனநிலையையும் தொடர்ந்து கேட்டறியச் சொல்கின்றன. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்புகளிலிருந்து அந்த விசாரணையைத் தொடங்கினால், பதில் உடனே கிடைக்கும்.

குடிநீர் வாரியத்தில் பணியாற்றியவர் தாங்கள். சொந்தக் கிணறும் லாரித் தண்ணீரும் கலந்து பயன்படுத்தும் விடுதியில், தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை மீட்டர் இல்லாமல் கணக்கிட வழி உண்டா? எங்கள் குடியிருப்போர் சங்கம் இவ்வாண்டு பத்து விடுதிகளிலாவது அதைச் செய்துபார்க்க விரும்புகிறது. விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்