வைண்டர் வாங்கலாமா என்று கேட்டாயே

சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பவித்ராவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும், அதனால் வீடு முழுக்கப் பெட்டி கட்டுகிற அமளி. உன் மாமனாரை உங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தது நல்ல காரியம், அந்த வயதில் தனியாக விடக் கூடாது. அவரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், நீ கேட்ட கேள்விக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது தோன்றியது.

ஆட்டோமேட்டிக் வாட்சை, அதாவது கை அசைவில் தானாகச் சாவி ஏறுகிற வாட்சை, கட்டாத நேரத்தில் மோட்டார் வைத்துச் சுற்றி ஓட வைக்கிற பெட்டிதான் வைண்டர், அதில் ஆறு வாட்ச் வைக்கிறதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என் பதில், வேண்டாம். உன்னிடம் இருக்கிற வாட்சுகளுக்கு அது தேவையே இல்லை, அந்தப் பணத்தை அப்படியே எடுத்து வைத்து ஒவ்வொன்றாக சர்வீஸுக்குக் கொடு.

முதலில் உன் அப்பாவின் ஹெச்எம்டி பைலட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. அது சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே ரோட்டரே, அதாவது கை அசைய அசையச் சுழன்று சாவி ஏற்றுகிற எடைத் தட்டே கிடையாது, பெட்டியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றினாலும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று ஏறாது. டிசோ பவர்மேட்டிக் 80 மணி நேரம் ஓடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கும் வேண்டாம். மிச்சம் இரண்டு சீக்கோ 5, ஒரு சிட்டிசன், அந்த ஹாமில்டன் குரோனோகிராஃப். இந்த நாலுக்கு ஆறு வாட்ச் பெட்டியா?

ஓடாமல் வைத்தால் எண்ணெய் இறுகி மிஷின் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். இது ஒரு காலத்தில் உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வாட்சுக்குப் போட்ட எண்ணெய் விலங்குக் கொழுப்பு. டால்பின், சிறு திமிங்கில வகைகளின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயை வாட்ச் எண்ணெய் என்றே புட்டியில் அடைத்து விற்றிருக்கிறார்கள். அது நாளாக ஆகக் கெட்டிப்படும், பிசுக்காகும். இப்போது போடுவதெல்லாம் செயற்கை எண்ணெய், அது அப்படி இறுகாது. வருஷங்கள் போனால் அதுவும் வற்றும், ஆனால் வாட்ச் ஓடினாலும் வற்றும், நின்றாலும் வற்றும். வைண்டர் அதைத் தடுக்காது. எண்ணெய் வற்றிய வாட்சை வைண்டரில் போட்டால் காய்ந்த உலோகம் காய்ந்த உலோகத்தில் உரசிக்கொண்டே இருக்கும், அதுதான் உண்மையில் கெடுதல்.

கணக்குப் போட்டுப் பார். சீக்கோ 5-இல் இருக்கிற 7எஸ்26 மிஷின் மணிக்கு 21,600 துடிப்பு, ஒரு நாளைக்கு 5,18,400. ஹாமில்டன் மணிக்கு 28,800, அதாவது ஒரு நாளைக்கு 6,91,200. இத்தனையும் யாரும் மணி பார்க்காத வாட்சுக்குள் நடக்கிறது. ஆள் இல்லாத அறையில் மின்விசிறியை ஓட விடுகிற மாதிரிதான்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. ஆட்டோமேட்டிக் வாட்சுக்குச் சாவி அதிகமாக ஏறி ஸ்பிரிங் அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம், ஏனென்றால் மெயின் ஸ்பிரிங்கின், அதாவது வாட்சை ஓட்டுகிற சுருளின், வெளி முனை அதை அடைத்திருக்கிற டப்பாவின் சுவரில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்காது, ஒரு வழுக்கும் பட்டையாகச் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும், முழுசாக ஏறியதும் வழுக்கிக்கொடுக்கும். படேக் பிலிப் கம்பெனியின் ஆட்ரியன் பிலிப் 1863-லேயே அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அது அருமையான ஏற்பாடு, ஆனால் வைண்டரில் இருக்கிற வாட்ச் எப்போதும் முழு ஏற்றத்தில் இருக்கும், ஆக அந்தப் பட்டை நாள் தவறாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சுவரில் தடவிய கிரீஸ் தேயும். கையில் கட்டினால் பகலில் ஏறி ராத்திரி கொஞ்சம் இறங்கும், ஸ்பிரிங்குக்கு ஓய்வு கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக் எதற்கு வந்தது என்று யோசித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர், வாட்ச் ரிப்பேர் பண்ணுகிறவர், சாவி கொடுக்கிற திருகு வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகிறது என்று பார்த்து, திருகே இல்லாமல் தானாக ஏறுகிற கைக்கடிகாரம் செய்தார், 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை வாங்கினார். கட்டுகிறவன் கை அசைவதையே சாவியாக மாற்றியது அந்த மனுஷனின் மூளை. கையே இல்லாத இடத்தில் அதை ஓட வைப்பதற்கு நமக்கு ஒரு நல்ல காரணம் வேண்டாமா?

நல்ல காரணம் இருக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர நாட்காட்டி வாட்ச், அதாவது மாதத்துக்கு 30-ஆ 31-ஆ, லீப் வருஷமா என்று தானே தெரிந்துகொண்டு 2100 வரைக்கும் தேதி காட்டுகிற வகை. அது நின்றுபோனால் கிழமை, தேதி, மாதம், நிலாப் பிறை எல்லாவற்றையும் மறுபடி வைக்க வேண்டும், பல மாடல்களில் பக்கவாட்டில் இருக்கிற குண்டூசித் தலை மாதிரிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். 1985-இல் ஐடபிள்யூசி என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியின் கர்ட் கிளவுஸ் எல்லாவற்றையும் ஒரே திருகில் வைக்கிற மாதிரி செய்தார், அதிலும் பின்னால் திருப்ப முடியாது, ஒரு நாள் தாண்டிப் போய்விட்டால் வாட்சை நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த மாதிரி ஒன்று உன்னிடம் இருந்தால் நானே வைண்டர் வாங்கச் சொல்லியிருப்பேன். உன் வாட்சுகளில் இருப்பது தேதியும் கிழமையும்தான்.

அதை வைக்க ஒரு நிமிஷம் போதும், செய்கிற முறையில் செய்தால். நின்ற சீக்கோவை எடு. திருகை முழுசாக வெளியே இழுத்து முள்ளை முன்னால் திருப்பிக்கொண்டே வா, ஓர் இடத்தில் தேதி மாறும், இப்போது அது நள்ளிரவைத் தாண்டிவிட்டது என்று தெரியும், அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுபோய் நிறுத்து. திருகை ஒரு படி உள்ளே தள்ளி நேற்றைய தேதியையும் கிழமையையும் வை. மறுபடி வெளியே இழுத்து, தேதி இன்றைக்கு மாறுகிற வரை முன்னால் திருப்பி, இப்போதைய மணிக்குக் கொண்டுவா. ராத்திரி 9-லிருந்து விடியற்காலை 4 வரைக்கும் முள் இருக்கும்போது மட்டும் தேதியைத் தனியாக மாற்றாதே, அந்த நேரத்தில் தேதி மாற்றுகிற பல் தட்டோடு கோத்துக்கொண்டிருக்கும், கட்டாயப்படுத்தினால் பல் உடையும். 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாதுதான், அதனால் வைண்டர் கட்டாயம் என்று சிலர் சொல்வார்கள், அரை நிமிஷம் பக்கவாட்டில் ஆட்டிவிட்டுக் கையில் கட்டிக்கொள், மிச்சத்தை உன் நடை பார்த்துக்கொள்ளும்.

இதற்கு மேலும் வாங்கத்தான் போகிறாய் என்றால் இரண்டு விஷயம் பார். ஒன்று திசை. ஹாமில்டனில் இருப்பது 7750 என்ற மிஷினின் குடும்பத்தைச் சேர்ந்தது, ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால்தான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும். கையைச் சட்டென்று திருப்பிப் பார், உள்ளே ஏதோ சறுக்கி ஓடுவது மணிக்கட்டில் தெரியும், அதுதான் அது. சிட்டிசனும் ஒரு பக்கம் ஏறுகிற ரகம். இரண்டு திசையையும் தனித்தனியாக வைக்க முடியாத பெட்டி உனக்குப் பிரயோஜனப்படாது. இரண்டாவது மோட்டார். மலிவான பெட்டிகளில் மோட்டாருக்குக் காந்தத் தடுப்பு இருக்காது, வாட்ச் அதன் மேலேயே உட்காரும், ஹேர்ஸ்பிரிங்கில், அதாவது துடிப்பை நடத்துகிற மெல்லிய சுருளில், காந்தம் ஏறினால் ஒரு நாளைக்கு நிமிஷக் கணக்கில் வேகமாக ஓடும். ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோனால் முள் தடுமாறுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

உன் வீடு கடற்கரைப் பக்கம், உனக்கு நிஜமான எதிரி உப்புக் காற்றும் ஈரமும். தோல் ஸ்ட்ராப்பில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றி நீயே போன தடவை எழுதினாய். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை, வாட்சுக்குள் ஈரம் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களை மாற்றி வாங்கு, அது எந்த வைண்டரையும் விட உதவும்.

இப்போது உன் மாமனார். அவருடைய ஹெச்எம்டி காஞ்சன், அது ஆட்டோமேட்டிக், சர்வீஸ் பண்ணி வந்த பிறகும் விடியற்காலையில் நின்றுபோகிறது, ரிப்பேர்காரர் சரியாகச் செய்யவில்லை என்று கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். ரிப்பேர்காரர் மேல் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். மாமனார் பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கை அசைவதே குறைவு, வாட்சுக்கு ஏறுவது போதவில்லை. ராத்திரி கழற்றி வைத்ததும் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்துவிடுகிறது. விரல் மூட்டு வீங்கியிருக்கிற மனுஷனால் அந்தச் சின்னத் திருகைப் பிடித்துத் திருப்பவும் முடியாது, ஆக தினம் காலையில் யாரையாவது கூப்பிட்டு மணி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யோசி.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அந்தக் காஞ்சனை ஒரு நாள் நீ கட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டு வா. ராத்திரி மேஜையில் வை. மறுநாள் ராத்திரி வரைக்கும் ஓடினால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் அவருக்கு ஒற்றை வாட்ச் வைண்டர் ஒன்று வாங்கு, இரண்டு திசையும் மாறி மாறிச் சுற்றுகிறது, ஒரு நாளைக்கு 650 சுற்றில் ஆரம்பிக்கலாம், போதவில்லை என்றால் 800 வரை கூட்டு. ராத்திரி மட்டும் அதில் இருக்கட்டும், காலையில் எடுத்தால் சரியான மணியோடு கைக்கு வரும். சத்தமில்லாததாகப் பார்த்து வாங்கு, அவர் படுக்கிற அறையில்தானே இருக்கும், வாங்குமுன் காதருகே வைத்துக் கேட்டுவிடு. 2016-இல் ஹெச்எம்டி வாட்ச் பிரிவையே மூட முடிவெடுத்துவிட்டார்கள், இனி உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம், அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியில் போட்டுவிடாதே.

சோதனை முடிந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுது, பின்மூடியில் இருக்கிற எண்களையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என்னிடம் பழைய ஹெச்எம்டி ஆட்டோமேட்டிக் ஒன்று ஓடாமல் கிடக்கிறது, அதே மிஷினாக இருந்தால் பாகத்துக்கு உதவும், பவித்ராவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு