அடுத்த வற்றத்துக்குள் அந்த வலையை எடுங்கள்

சிங்கப்பூரின் வடமேற்குக் கரையோரச் சதுப்புநிலங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மண்டாய்ச் சேற்றுநிலத்தில் கிடந்த தங்கூசி வலையை, அதாவது மெல்லிய நைலான் இழை வலையை, பற்றியது இந்த மடல். படங்களும் இடக்குறிப்பும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தகவல் கொடுத்த நாளிலிருந்து வலை வெளியே வந்த நாள்வரை 11 நாள் ஆயிற்று. அதற்குள் கடல் அதன்மேல் 20 தடவைக்கு மேல் ஏறி இறங்கிவிட்டது. போட்டவர் திரும்ப வரவில்லை. வலை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கைவிடப்பட்ட வலை என்று தகவல் கிடைத்தால், கடல்நீர் வற்றிச் சேற்றில் இறங்க முடிகிற அடுத்த வற்றத்துக்குள் அதை அகற்ற வேண்டும்.

அந்த 11 நாளில் ஒரு குதிரைலாட நண்டுக்கு என்ன நடக்கிறது என்று தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். மண்டாயில் வாழ்வது அலையாத்திக் காட்டு இனம். அதன் வால் உருண்டையாக இருக்கும். திறந்த கடற்கரை இனத்துக்கு வால் முக்கோணம். பெயர்தான் நண்டு, உறவு சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம். ஓட்டுக்கு அடியில் ஐந்து இணை நடைக்கால்கள், பெரும்பாலானவற்றின் நுனியில் சின்ன இடுக்கி. ஓர் இடுக்கி வலைக் கண்ணிக்குள் நுழைந்ததும் அதை இழுக்க மற்றக் கால்களை உதைக்கிறது. அவையும் ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கண்ணிகளில் மாட்டுகின்றன. பிறகு வாலை ஊன்றிப் புரளப் பார்க்கிறது. ஒவ்வொரு புரளலுக்கும் வலை ஒரு சுற்று முறுக்கிக்கொள்கிறது. கடைசியில் கையளவு உருண்டையாக, கால் எது கயிறு எது என்று தெரியாமல் மல்லாந்து கிடக்கும்.

சிக்குவது பல சமயம் ஒன்றல்ல, இரண்டு. ஆண் பெண்ணின் பின்னோட்டைப் பற்றிக்கொண்டு ஒட்டியே திரியும் இனம் இது. இனப்பெருக்கத்துக்கென்று இவற்றுக்குத் தனிப் பருவமும் இல்லை, மண்டாயில் ஆண்டு முழுக்க இணைகளைப் பார்க்கலாம். பெண் மாட்டிய அதே மடிப்பில் பின்னால் வரும் ஆணும் மாட்டிக்கொள்ளும்.

இவற்றின் செவுள் புத்தகத் தாள்போல அடுக்கடுக்காக இருக்கும். அந்தத் தாள்களில் ஈரம் இருக்கும்வரை நீருக்கு வெளியிலும் மூச்சு விடும். கடல் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து அந்த ஈரத்தைக் காத்துக்கொள்ளும். வலையில் மல்லாந்து கிடப்பது எப்படிப் புதையும்? வயிற்றுப் பக்கம் வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. தாள்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. ஆனாலும் உடனே சாவதில்லை. இரண்டாம் நாள் போய் வெட்டிவிட்டால் ஊர்ந்து போய்விடும். பதினோராம் நாள் போனால் உள்ளே ஒன்றுமில்லாத ஓடுகளைப் பொறுக்கி எண்ணலாம், அவ்வளவுதான். சிங்கப்பூரின் சிவப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ளது என்று குறிக்கப்பட்ட உயிரினம் இது.

11 நாள் எப்படி ஆகிறது என்றும் எங்களுக்குத் தெரியும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜோகூர் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும்போது நீர் ஏறத்தாழ 3 மீட்டர்வரை ஏறி இறங்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில்தான் தாழ்ந்த சேறு முழுதாக வெளியே தெரியும். இடைப்பட்ட நாள்களில் வலை நீருக்குள்ளேயே இருக்கும், ஓய்வில்லாமல் பிடிக்கும். அமாவாசைக்கு வந்த தகவல் மேசைக்கு மேசை நகர்ந்து நான்கு நாள் கழித்துக் கையெழுத்தானால், அந்த வற்றம் போய்விட்டது. அடுத்தது பௌர்ணமிக்கு. இரண்டு வாரத் தாமதம் நான்கு நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

நேரமும் ஒரு சிக்கல். ஆண்டின் நடு மாதங்களில் ஆழ்ந்த வற்றம் விடியலுக்கு முன்னும் விடியலை ஒட்டியும் வரும். ஆண்டுக் கடைசியில் மாலையிலும் இரவிலும் வரும். இரண்டும் அலுவலக நேரத்துக்கு வெளியே. ஓத அட்டவணை ஆண்டு தொடங்குவதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது, ஊழியர் முறைப்பட்டியலை அதைப் பார்த்துப் போட முடியும். மாதத்தில் எட்டுப் பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், இரண்டு பேர். நாங்கள் கேட்பதற்குத் தேவைப்படும் ஆள்பலம் இவ்வளவே.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இந்த முறை படகில் வந்து, நீர் ஏறியிருக்கும்போது மேற்கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அப்படி இழுத்தால் மூன்று கெடுதல். சிக்கியிருக்கும் உயிரின் கால்களும் செவுள் மூடிகளும் பிய்ந்துபோகும். ஈயக்குண்டு கட்டிய அடிக்கயிறு சேற்றில் புதைந்திருப்பதால் வலை நடுவில் கிழிந்து கீழ்ப்பாதி உள்ளேயே தங்கிவிடும். தங்கூசி மக்காது, சில மாதம் கழித்து அலை சேற்றை அரித்ததும் மறுபடி மேலே வரும். கரைப்பக்கம் இழுத்தால் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் முறியும். இந்தத் தடவையும் அடிக்கயிறு உள்ளேதான் இருக்கிறது. இடத்தை மீண்டும் குறித்து அனுப்பியிருக்கிறோம்.

நீர் இறங்கும்போதே கூடப் போவதுதான் சரி, ஏறத் தொடங்கிய பிறகு அல்ல. ஓடை ஓரங்களில் சேறு தொடைவரை இழுக்கும். அகலப் பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனால் ஆளும் அமிழமாட்டார், வலையையும் அதில் ஏற்றலாம். முதலில் உயிர்களை விடுவிக்க வேண்டும், பிறகுதான் வலை. முனை மழுங்கிய கத்தரியால் ஓட்டின் ஓரமாகத் தொடங்கி, காலுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள நூலை வெட்ட வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, கவிழ்த்து, ஈரச் சேற்றில் விட வேண்டும். அதன் பிறகு மிதவைப் பக்கத்திலிருந்து வலையைச் சுருட்டிக்கொண்டே போய் அடிக்கயிற்றைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். கடைசியாக நட்டுவைத்த கழிகளையும் பிடுங்கிவிட வேண்டும். கழி நின்றால் அடுத்த வாரம் அதே இடத்தில் அடுத்த வலை. ஒரு வலைக்கு இரண்டு பேர் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையைச் செய்யத் தன்னார்வலர்கள் தயாராக இருக்கிறார்கள். ஒவ்வொரு வலைக்கும் தனி அனுமதி கேட்டு எழுதி விடைக்குக் காத்திருப்பதில் வற்றம் போய்விடுகிறது. பயிற்சி பெற்ற குழுக்களுக்கு ஆண்டு அனுமதி ஒன்று கொடுங்கள். நிலம் ஓர் அலுவலகம், நீர் இன்னோர் அலுவலகம், குப்பை மூன்றாவது அலுவலகம் என்று இருக்கலாம். அழைப்பதற்கு ஒரே எண் இருக்கட்டும்.

மண்டாய் 72.8 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாகும் என்று 2018இல் அறிவித்தீர்கள். 2022இல் தயாராகும் என்றீர்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. பக்கத்துச் சதுப்புநிலமான சுங்கை பூலோ 1993இல் திறக்கப்பட்டு 2002இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, அதற்காக இந்த நாடு பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் வலசை வரும் பறவைகள் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து இரை தேடுவதில்லை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கு நாடுகளிலிருந்து வரும் பவளக்காலிகளும், கோட்டான்கள் என்னும் வளைந்த அலகுள்ள கரைப்பறவைகளும் நீர் ஏறும்போது பூலோவின் பழைய இறால் குளங்களில் ஒதுங்கி நிற்கின்றன. நீர் வற்றியதும் புழு தேடி மண்டாய்ச் சேற்றுக்கு வருகின்றன. குளத்துக்கு மதகு இருக்கிறது, காவல் இருக்கிறது. சாப்பிடும் இடத்தில் வலை இருக்கிறது. 2020இல் 400 ஹெக்டர் பூங்கா இணைப்பு என்று அறிவித்தபோது இவை இரண்டும் ஒன்றே என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். அடுத்த ஆண்டே பக்கத்துக் கிராஞ்சியில் ஆய்வு முடிவதற்குள் காடு தவறுதலாக வெட்டப்பட்ட செய்தி வந்தது. தவறு நடந்த பிறகு விசாரணை நன்றாகவே நடக்கிறது. நடப்பதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை. ஒரு காலத்தில் தீவின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த அலையாத்திக் காடு இன்று நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நிற்கிறது. மிச்சத்தையாவது குப்பை வலைக்கு விடாமல் பாருங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் வலையை விட்டு விலகிவிட்டோம்.

தமிழில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உட்லண்ட்ஸிலும் கிராஞ்சியிலும் தங்கி வேலை பார்ப்பவர்களில் நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தங்கூசி அவர்கள் கைபழகிய பொருள். எங்களில் பலர் ஒரு மணி நேரத்தில் பிரிக்கும் சிக்கலை அவர்கள் பத்து நிமிடத்தில் பிரிப்பார்கள். தடைப் பலகைகளில் தமிழும் இருக்கட்டும், தமிழில் அபராதத் தொகை மட்டும் இராமல் வலையைக் கண்டால் கூப்பிட வேண்டிய எண்ணும் இருக்கட்டும். விருப்பமுள்ளவர்களை அழைத்துப் பயிற்சியும் கொடுங்கள்.

மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்துக்கு மேற்கே நீரோட்டம் அடைபட்டுக் கிடப்பதால், இரு கரையிலிருந்தும் மிதந்து வருவது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே போடுபவரைப் பிடித்தாலும் வலை வருவது நிற்காது, எடுக்கும் ஏற்பாடும் வேண்டும். உரிமம் பெற்று வலை வைத்திருப்பவர்கள் மேற்கயிற்றில் உரிம எண் பொறித்த வில்லை கட்ட வேண்டும் என்று விதித்தால், யாருடையது என்ற கேள்வியும் தீரும்.

தயைகூர்ந்து மீண்டும் கேட்கிறோம். தகவல் வந்தால் அடுத்த வற்றத்துக்குள் வலை வெளியே வர வேண்டும். புதைந்திருக்கும் அந்த அடிக்கயிற்றுக்கு வரும் அமாவாசை வற்றத்தில் ஆள் அனுப்புங்கள். கத்தரியும் பலகையும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

பணிவுடன்,
மண்டாய்ச் சேற்றில் வலை வெட்டும் தன்னார்வலர்கள் சிலர்