ஸ்லாகுசா (செர்பியா) ஊர்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. இடுகாட்டு வேலி சரிசெய்யப்பட்டது. ஜெத்திஞா ஆற்றங்கரைத் துப்புரவு வசந்தத்தில் நடந்தது.

அப்புறம், சட்டிப் பதிவேடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கைச்சக்கர மண்பாண்டக் கலை 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. பெயர் வந்தது, சரி. எந்த வீட்டில் யார் வனைந்தார்கள் என்று நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை. குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய், பரணில் கிடந்த பழைய சட்டிகளை இறக்கிப் படமெடுத்து, பெரியவர்கள் சொன்னதை எழுதினேன். 41 வீடுகள் முடிந்தன. ஒரு பாட்டி கரியேறிய சட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது என் மாமனார் கை. அவருக்குக் கட்டைவிரல் மடங்காது, இந்தப் பக்கம் தடித்திருக்கும் பார்" என்றார். தொட்டுப் பார்த்தேன், தடித்துத்தான் இருந்தது.

களிமண்ணோடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமக் கல்லைப் பொடித்துப் பிசைந்து, ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே எழுப்புகிற சட்டி இது. அந்தக் கல் சேர்வதால்தான் நேரடித் தீயிலும் விரிசல் விடாமல் கல்யாண விருந்துக்கான முட்டைக்கோஸ் மணிக்கணக்கில் வேகிறது. 1950களில் பக்கத்து செவொய்னோவில் செம்பு ஆலை வந்ததும் ஆண்கள் மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். 1968-இல் மேற்கு ஜெர்மனியோடு அன்றைய நம் நாடான யூகோஸ்லாவியா தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு, இன்னும் தூரம் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. என் அண்ணனும் போனவர்தான்.

ஆனால் பொதுக்குழுவுக்கு வந்தது 14 பேர். பாதிப் பேர் சந்தா கட்டவில்லை, சிலர் மூன்று ஆண்டுகளாக. ஆகஸ்ட் கல்யாணங்களுக்கு வந்து சட்டியோடு படம் பிடித்துக்கொண்டவர்களிடம் வீட்டுக்கு ஒரு பழைய புகைப்படம் கேட்டேன். ஒன்றுகூட வரவில்லை. மனசு வலித்தது.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துவிட்டார். பெரும்பகுதி வேலிக்குப் போனது, சிறு தொகை கையிருப்பு உள்ளது. பதிவேட்டுச் செலவு என்னுடையது, கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டத்துக்கு அறை தந்தவர்களுக்கும், வேலிக்கு மரம் தந்தவர்களுக்கும் நன்றி.

2011-க்கும் 2022-க்கும் இடையில் செர்பியாவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் குறைந்தது. நம் ஊரிலும் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. அவற்றின் பரணில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, சாவி உங்களிடம் இருக்கிறது. கோடையில் வருகிறவர்கள் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், ஏணியோடு நானே வருகிறேன். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தாலும் நோட்டுகளை ஒப்படைக்கத் தயார். பாட்டி சொன்னதை மட்டும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்