முதுகையும் பார்த்துவிடு

அன்புள்ள நண்பா,

கடிதமும் வாளின் படங்களும் வந்தன. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியதைப் படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

விற்றவர் சொன்னபடி "1845-ஆம் வருஷத்து வாள்" என்று எழுதியிருக்கிறாய். அது பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளுக்கு இந்த அலகு வடிவம் வந்த ஆண்டு. அதே மாதிரியில் பல வருஷங்கள் வாள் செய்தார்கள். நானும் இப்படி ஏமாந்தவன்தான். என்னிடமுள்ள பிரெஞ்சுக் குதிரைப்படை வாளின் முதுகில், அதாவது கூரில்லாத விளிம்பில், 1822 என்று கண்டதும், அதுதான் அதன் வயது என்று இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணெய்த் துணியால் துருவை மெல்ல ஒற்றி எடுத்தபோது, அதே வரியின் தொடக்கத்தில் ஷாத்தெல்ரோ ஆயுதச்சாலையின் பெயரும் "மே 1855" என்பதும் தெரிந்தன. 1822 மாதிரியின் ஆண்டு. 1855தான் வாள் பிறந்த ஆண்டு!

பிரிட்டிஷ் அதிகாரி வாள்களில் இப்படி மாதம், வருஷம் பொறிப்பது வழக்கமில்லை. தடயங்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிடியில் உள்ள விக்டோரியாவின் 'வி.ஆர்.' முத்திரை 1837 முதல் 1901 வரை ஓடுகிறது. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் படத்தில் பித்தளைக் கைக்காப்பின் உட்பக்கம் கீல் வைத்து மடங்கும் தகடு தெரிகிறது. பார்த்ததும் துள்ளிவிட்டேன். அந்த மடங்கு தகட்டை 1854-ல் கைவிட்டார்கள். அலகின் முதுகும் பிரிட்டிஷாரின் பழைய 1822 மாதிரிபோலக் குழாயாக உருண்டில்லாமல் தட்டையாக இருக்கிறது. பிடியும் அலகும் ஒன்றாகவே பிறந்தவை என்றால், 1845-க்கும் 1854-க்கும் நடுவே என்பேன். விற்றவர் சொன்னதிலிருந்து வெகுதூரம் இல்லைதான், ஆனாலும் காரணத்தோடு தெரிந்துகொள்வது வேறு.

அந்த "என்றால்" தான் என்னை உறுத்துகிறது. பழைய பிடியில் வேறு அலகை ஏற்றுவது அந்தக் காலத்திலேயே உண்டு. கைக்காப்பை ஒட்டி அலகின் முதுகில் ஏதாவது எண் இருக்கிறதா பார். வாள் செய்த வில்கின்சன் நிறுவனம் 1854 வாக்கில்தான் வாள்களுக்கு எண் போடத் தொடங்கியது. அதனால் அவர்கள் எண் இருந்தால், அலகு பிறகு ஏற்றியதாக இருக்கலாம். அவர்களுடைய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. எண் கிடைத்தால் வாங்கிய அதிகாரியின் பெயர்கூடத் தெரியவரலாம்.

தயவுசெய்து உப்புத்தாள், பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுபோகாதே. அலகில் அமிலத்தால் அரித்து எழுதிய பூவேலை முடி அளவு ஆழம்தான். ஒருமுறை தேய்த்தால் போனது போனதுதான். முதுகைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. காத்திருக்கிறேன்.

உன் அன்பு நண்பன்