மோட்டர் பூட்டிய பலகைக்கும் ஒரு விதி எழுதுங்கள்

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், யாழ்ப்பாண மாநகர சபையின் முதல்வர், உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

கொக்குவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. உங்கள் படிவங்களில் அது துவிச்சக்கரவண்டி. எங்கள் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாயில் வருவது சைக்கிள்தான். முப்பது வருடங்களுக்கு மேலாகச் சில்லுகளோடு வாழ்கிறவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன். சட்டம் படித்தவன் அல்லன்.

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு என் தங்கை டென்மார்க்கிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். அவளுடைய மகனுக்கு 16 வயது. அவன் கையோடு கொண்டுவந்தது ஒரு மின் ஸ்கேட்போர்ட். ஏறி நிற்க ஒரு பலகை, அடியில் நான்கு சின்னச் சில்லுகள், பின்சில்லு இரண்டுக்குள்ளும் மோட்டர், பலகையின் வயிற்றில் பற்றரி. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எதுவும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு றிமோட். பெருவிரலால் முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். பற்றரி 100 வாட் மணிக்கும் குறைவானது. அப்படியிருந்தும் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி, கொண்டுபோகலாம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் தங்கை அதை எடுத்து வந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை பலகையில் ஏறிப் பாண் வாங்கப் போனவன் நெடுநேரமாகத் திரும்பி வரவில்லை. சந்தியில் பொலிஸார் மறித்திருக்கிறார்கள். ஒருவர் இது விளையாட்டுச் சாமான் என்றாராம். மற்றவர், மோட்டர் இருக்கிறபடியால் இது வாகனம், வருமான உத்தரவுப்பத்திரம் எங்கே என்று கேட்டாராம். பையன் தனக்குத் தெரிந்த தமிழில் “டென்மார்க்கில் ஓடலாம்” என்றிருக்கிறான். யாழ்ப்பாணத்துச் சந்தியில் அது ஒரு வாதமா? பலகை நிலையத்துக்குப் போனது. அதன் பின்னால் நான் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து, இனிமேல் ஓட்ட வேண்டாம் என்ற அறிவுரையோடு திருப்பித் தந்தார்கள். எந்தப் பிரிவின்படி என்று கேட்டேன். “அதை மேலிடத்தில்தான் கேட்கவேண்டும்” என்றார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தேநீரும் தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். கையிலுள்ள புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் எங்கே தேடுவது?

பிறகு ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. பதில் வரவில்லை. மேலிடம் என்றால் நீங்கள்தானே? அதனால் இப்போது எல்லோருக்கும் தெரியக் கேட்கிறேன்.

எனக்கு விளங்கிய அளவில் நிலைமை இதுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், பொறியின் வலுவால் இயங்குகிற, வீதியில் பயன்படுத்தவென்று அமைந்த அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்த வண்டியையும் மோட்டார் வாகனம் என்கிறது. சொல்லுக்குச் சொல் படித்தால் பலகையும் அதற்குள் விழும். விழுந்தால் பதிவு வேண்டும், இலக்கத்தகடு வேண்டும், காப்புறுதி வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவுசெய்ய அதில் சட்டக இலக்கம் ஏது? கண்ணாடி ஏது? சமிக்ஞை விளக்கு ஏது? ஆக, பதிவில்லாமல் ஓட்டக்கூடாது, பதிவுசெய்யவும் முடியாது. இப்படி மூடிய வட்டத்துக்குள் நிற்கிற பொருளைத் தடைசெய்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை, அனுமதித்ததாகவும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டுமென்றாலும் அங்கே ஒரு மச்சானோ மருமகளோ இருப்பார்கள். இரண்டு மாதமாக மாலை வேளைகளில் தொலைபேசியில் இதுதான் என் வேலை.

முதலில் லண்டனைக் கேட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், அங்கும் ஏறத்தாழ இதே வசனம்தான். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனத்துக்கு உள்ள வரைவிலக்கணமும் பொறிவலுவால் இயங்குதல், வீதிக்கென்று அமைதல் என்றே போகிறது. நம்முடைய சட்டம் எந்த வீட்டுப் பிள்ளை என்பது முகத்திலேயே தெரிகிறது. அதனால் அங்கே மின் பலகை பொது வீதியில் ஓடக்கூடாது. நடைபாதையிலும் முடியாது, அதைத் தடுப்பது 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், மின்மோட்டர் வீதிக்கு வருமுன்னரே எழுதியது. சொந்தக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் ஓட்டலாம். காப்புறுதி இல்லாமல் வீதியில் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஆறு புள்ளிகளும் விழலாம். புதிதாக அனுமதி பெற்றவருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி என்றால் அனுமதியே போய்விடும். பலகையில் நின்றதற்குக் கார் ஓட்டும் உரிமை போகிறது! கடுமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள பையனுக்குத் தான் எங்கே நிற்கிறான் என்று தெரியும். அரசாங்கமே அதை விளக்கி வெளியிட்டிருக்கிறது.

ஜேர்மனியில் வேறு கணக்கு. 2019 ஜூன் 15 முதல் சிறு மின்வண்டிகளுக்கென்று தனி விதி இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், காப்புறுதி ஒட்டி வேண்டும், விளக்கு வேண்டும், ஒன்றையொன்று சாராத இரண்டு பிறேக் வேண்டும். அதோடு பிடித்துக்கொள்ள ஒரு தண்டும் வேண்டும். அந்தத் தண்டு இருந்ததால், நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. அது இல்லாததால் பலகை வெளியே நின்றது. கனடாவின் ஒன்ராறியோவிலும் இதே கதை. 2020இல் தொடங்கிய ஸ்கூட்டர் பரீட்சார்த்தத் திட்டம் கைப்பிடி உள்ளதற்கு மட்டும்தான். அதிலும் அந்தந்த நகரம் சம்மதிக்க வேண்டும். ரொறன்ரோ 2021இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேர்மன்காரர்களின் விதிதான். இதை மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.

காரணம் என் சொந்த முழங்கால். ஒருநாள் கடை முற்றத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பலகையில் ஏறினேன். ஐந்து யார் போயிருப்பேன். ஒரு சின்னக் கல். சைக்கிள் என்றால் அப்படி ஒரு கல் இருந்ததே தெரிந்திராது. 26 அங்குலச் சில்லின் விட்டம் 66 சென்ரிமீற்றர். இந்தப் பலகையின் சில்லு 9 சென்ரிமீற்றர். பெரிய சில்லு கல்லின் மேல் ஏறிப் போகும், சின்னச் சில்லு கல்லில் முட்டி நிற்கும். பலகை நின்றது, நான் நிற்கவில்லை.

பிறேக் இன்னொரு விடயம். பெரும்பாலான பலகைகளில் ரயரைப் பிடித்து நிறுத்தும் பிறேக் கிடையாது. மோட்டரே எதிர்த்திசையில் வேலைசெய்து, ஓட்டத்தைத் திரும்ப மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் அனுப்பி, வேகத்தைக் குறைக்கிறது. பற்றரி முழுதாக நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை, பிறேக் தளரும். மலைநாட்டில் இறக்கத்தில் இது உயிரெடுக்கும். யாழ்ப்பாணத்தில் இறக்கம் இல்லை என்பது ஆறுதல். ஆனால் றிமோட்டின் தொடர்பு அறுந்தால் மேடு பள்ளம் பார்த்தா அறும்? இப்படியான ஒன்று காங்கேசன்துறை வீதியில் தனியார் பஸ்ஸுக்கும் முச்சக்கரவண்டிக்கும் நடுவே, ஒழுங்கையிலிருந்து ஓடிவரும் நாயைத் தாண்டி, வீதிக்கரை மணலில் ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே எல்லா வீதியையும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

டென்மார்க் செய்தது எனக்கு நியாயமாகப் படுகிறது. 2019 ஜனவரியில் ஸ்கூட்டர், மோட்டர் பலகை போன்றவற்றைப் பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள். கைப்பிடி இல்லை என்று பலகையைத் தள்ளிவைக்கவில்லை. 20 கிலோமீற்றர் வேகம், 15 வயது, விளக்கு. சில வருடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, 2022 முதல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் சின்னதாக ஒரு விதி, பிறகு அனுபவத்தைப் பார்த்து ஒரு திருத்தம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் ஓட்டலாம். 2022இல் எழுதிய விதிப்படி நடைபாதையில் 12 கிலோமீற்றர், மற்ற அனுமதித்த இடங்களில் 25. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் பொது இடத்தில் ஓட்டினால் குற்றம். ஒரே நாட்டில் எல்லைக்கோடு தாண்டியதும் பலகையைத் தோளில் தூக்கவேண்டும்! பிரான்ஸ் 2019 ஒக்டோபரில் 25 கிலோமீற்றர் எல்லையோடு விதி எழுதியது.

சிங்கப்பூரைப் பின்பற்றலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே 2019 நவம்பரில் மின் ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து அகற்றினார்கள், 2020 ஏப்ரலில் மோட்டர் உள்ள மற்றச் சிறு வண்டிகளையும் அகற்றினார்கள். வீதியிலும் ஓடக்கூடாது, சைக்கிள் பாதையில் மட்டும். நல்லது. நம் சைக்கிள் பாதை எங்கே? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் மண்கரையைத்தானே நாம் அப்படி அழைக்கிறோம்?

கலிபோர்னியாவின் கதையையும் சொல்ல வேண்டும். 1970களில் அங்கே பெற்றோல் இயந்திரம் பூட்டிய பலகைகள் வந்தன. சத்தம், புகை. தடைசெய்தார்கள். பெற்றோல் போய்ப் பற்றரி வந்த பிறகும் அந்தப் பழைய தடை நாற்பது வருடம்வரை அப்படியே கிடந்தது. 2016 ஜனவரி முதல் தேதிதான் நிபந்தனையோடு நீக்கினார்கள். 16 வயது, தலைக்கவசம், மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர். சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பாதை இல்லாவிட்டால், மற்ற வாகனங்களுக்கே 56 கிலோமீற்றருக்கு மேல் அனுமதியில்லாத வீதிகளில்தான் ஓட்டலாம். இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. பலகையின் வேகத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் ஓடுகிறவனின் வேகத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுமுறை விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு எழுத்து என்று நீங்கள் நினைக்கலாம். போன மாதம் கடைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பழைய மின் ஸ்கூட்டரின் பற்றரியைப் பிரித்து, ஒட்டுப்பலகையில் பூட்டி, தாங்களே ஒன்று செய்திருந்தார்கள். கம்பிகளின் மேல் சுற்றியிருந்தது சாதாரண ஒட்டுநாடா. லிதியம் பற்றரி குறுக்கிணைந்தால் எப்படி எரியும் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க அரை நாள் போனது. திட்டி அனுப்ப மனம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அப்படித்தான். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த ஊர் இது. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டோம். அப்பாவின் கடையில் அந்த வேலைகளைச் செய்து என் விரல்கள் கறுத்துக் கிடந்தன. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் முகம் தெரியாதவர்களெல்லாம் துருப்பிடித்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றார்கள். இந்த ஊர்க் கை சும்மா இராது, ஐயா. நீங்கள் விதி எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தப் பலகைகள் வரத்தான் போகின்றன. எழுதாவிட்டால் ஒட்டுநாடாவோடு வரும்.

ஆணையாளர் நாயகம் அவர்களிடம் கேட்பது: ஓட்டக்கூடாது என்பதுதான் முடிவென்றால் அதையே மூன்று மொழியிலும் எழுதி அறிவியுங்கள். எந்தப் பிரிவு, பலகையைக் கைப்பற்றினால் யாரிடம் இருக்கும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அனுமதிக்க நினைத்தால், மோட்டர் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேளுங்கள். 20 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி பூட்டியது, முன்னும் பின்னும் விளக்குள்ளது, ஓட்டுபவருக்கு 16 வயதும் தலையில் கவசமும் என்று ஒரு தனி வகுப்பு போதும். பிரதான வீதிகளை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மாநகர சபையிடம் கேட்பது சிறியது. சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது என்பது தெரியும். முற்றவெளிப் பக்கம் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மூலையை ஒதுக்கித் தாருங்கள், விழுந்து பழகட்டும். நல்லூர்த் திருவிழாவில் வாகனங்களை மறித்து மூடும் வீதிகளில் மட்டும் இதை விட்டுவிடாதீர்கள். வாகனம் இல்லாத வீதி என்று பையன்களின் கண் முதலில் அங்கேதான் போகும். அங்கே வெறுங்காலோடு வயோதிபர்கள் நடக்கிறார்கள், அடியழிப்பவர்கள் விழுந்து எழும்புகிறார்கள், அங்கப்பிரதட்சணம் செய்பவர்கள் மணலில் உருளுகிறார்கள்.

என் மருமகன் அடுத்த திருவிழாவுக்கும் வருகிறான். பலகையைக் கொண்டுவரலாமா மாமா என்று போன வாரம் கேட்டான். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பொறு என்றேன். விமான நிறுவனத்தின் பதில் வந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
கொக்குவில் சைக்கிள் கடைக்காரன்